சாண்டி புயலும் லாங்கோன் மருத்துவமனையும்: மின்சாரம் போன கதை, திரும்பி வந்த கதை

2012 அக்டோபர் 29, திங்கட்கிழமை இரவு. நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியபோது, மன்ஹாட்டனின் தென்முனையில் கடல்நீர் 14 அடி அளவுக்கு உயர்ந்தது. அதற்கு முன் அங்கே பதிவான உச்சம் 1960-இல் டோனா புயலின்போது வந்த 10 அடி. முதலாம் அவென்யூவுக்கும் ஈஸ்ட் ரிவருக்கும் நடுவே இருக்கும் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனை 12 அடி வரை நீர் வந்தால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. கணக்கு 2 அடியில் தவறியது.

இரவு எட்டரை மணிவாக்கில் 14-ஆம் தெரு அருகே கான் எடிசன் நிறுவனத்தின் துணைமின் நிலையத்தில் பெரும் வெடிப்பு. கீழ் மன்ஹாட்டன் முழுவதும் இருண்டது. மருத்துவமனையின் அடித்தளங்களிலும் லிஃப்ட் குழிகளிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, பிறகு ஒவ்வொன்றாக நின்றன. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகவே வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒன்பதாம் மாடியில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 20 குழந்தைகள் இருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளுக்கு நர்சுகள் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே, டார்ச் வெளிச்சத்தில் ஒன்பது மாடி இறங்கினார்கள். உயிரிழப்பு ஏதும் இல்லாமல் வெளியேற்றம் மறுநாள் முடிந்தது. மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த கொடையாளர் கென்னத் லாங்கோனும் அந்த நேரத்தில் அங்கே உள்நோயாளியாக இருந்தார் என்பது உபரித் தகவல். கோடிகளைக் கொட்டிக் கொடுத்தவருக்கும் அன்றைக்கு அதே இருட்டுதான்.

இந்தச் சம்பவத்தைப் பேரிடர் மேலாண்மைப் பாடமாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட இதில் இருக்கும் எரிசக்திக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. மின்சிக்கனம் ஒரு துறை, அவசரகால மின்சாரம் இன்னொரு துறை என்று பிரித்து வைக்கும் பழக்கம் மருத்துவமனைக் கட்டடங்களில் ஊறிப்போயிருக்கிறது. முதலாவது நிதி அதிகாரியின் மேசையில், இரண்டாவது பாதுகாப்பு அதிகாரியின் கோப்பில். லாங்கோன் விழுந்ததும் எழுந்ததும் இந்தப் பிரிவினை தவறு என்பதைக் காட்டுகின்றன.

எது நின்றது?

ஜெனரேட்டர்களைக் கீழே வைத்ததுதான் தப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மை அவ்வளவு எளிதல்ல. ஜெனரேட்டர்கள் உயரத்தில் இருந்தன. டீசல் தொட்டியும் அதிலிருந்து மேலே ஏற்றும் பம்புகளும் கீழே இருந்தன. உயர்ந்த மாடிகளில் டீசலைப் பெருமளவில் சேர்த்து வைக்க நகரத்தின் தீப்பாதுகாப்பு விதிகள் விடுவதில்லை. அதனால் பெரிய தொட்டி அடித்தளத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் உடனடித் தேவைக்கான சின்னத் தொட்டி (‘டே டேங்க்’) மேலே, நடுவில் பம்பு என்பதுதான் அந்த ஊர் வழக்கம். நம் ஊரிலும் பெரிய கட்டடங்கள் சிலவற்றில் ஏறத்தாழ இதே அமைப்புதான்.

அடித்தளத் தொட்டியைச் சுற்றிக் கசிவு கண்டுபிடிக்கும் சென்சார்கள் இருந்தன. டீசல் ஒழுகினால் பம்பை நிறுத்துவது அவற்றின் வேலை. உள்ளே வந்தது கடல்நீர். சென்சாருக்குத் திரவம் என்றால் திரவம்தான், டீசலா உப்புத்தண்ணீரா என்று பார்க்கத் தெரியாது. பம்புகளை நிறுத்தியது. மேலே ஜெனரேட்டர் நல்ல நிலையில் இருந்தது, கீழே தொட்டியில் டீசலும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வழி அடைந்துபோனது. பாதுகாப்புக்காக வைத்த கருவி, தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகச் செய்து, மருத்துவமனையை இருட்டாக்கியது.

சில தெருக்கள் தள்ளியிருக்கும் பெல்வியூ அரசு மருத்துவமனையிலும் கதை இதன் மறுபதிப்பு. ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் இருந்தன, எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மாற்றி 13 மாடி ஏற்றினார்கள். மின்சாரத்தை அப்படித் தக்கவைத்தாலும் தண்ணீர் மோட்டார் இல்லை, லிஃப்ட் இல்லை. இரண்டு நாளில் அங்கிருந்த 700 பேரளவு நோயாளிகளையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இங்கே சோதனை முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மருத்துவமனை ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், அதன் திறனில் 30 சதவீத லோடாவது கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மின்சாரம் போன 10 வினாடிக்குள் அவசர சர்க்யூட்டுகளுக்கு மின்சாரம் வந்தாக வேண்டும். இந்த விதிகள் நல்லவைதான். ஆனால் அரை மணி நேர ஓட்டம் டே டேங்கில் இருக்கும் டீசலிலேயே முடிந்துவிடலாம். கீழிருந்து மேலே எரிபொருள் தொடர்ந்து வருமா என்பது அந்தச் சோதனையில் தெரியாது. நம் மருத்துவமனைகளிலும் ‘டிஜி டெஸ்ட்’ (டீசல் ஜெனரேட்டர் சோதனை) எடுத்து லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். லோடு கொடுத்து ஓட்டினீர்களா, சும்மா ஓட்டினீர்களா என்று கேட்டால் பல இடங்களில் மழுப்பலான பதில்தான் வரும். குறைந்த லோடில் அடிக்கடி ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படிந்து எஞ்சினையே கெடுக்கும் என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதே இரவு, சில கிலோமீட்டர் தள்ளி

லாங்கோன் இருண்ட அதே இரவில், அதே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் ஸ்கொயர் வளாகத்தில் விளக்கு எரிந்தது. சுற்றிலும் கிரீனிச் வில்லேஜ் முழுக்க இருட்டு. வளாகத்துக்கு 2011-இல் ஒரு புதிய கூட்டு உற்பத்தி நிலையம், அதாவது ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரமும் வெப்பமும் சேர்த்து எடுக்கும் நிலையம், வந்திருந்தது. தலா 5.5 மெகாவாட் திறனுள்ள இரண்டு எரிவாயு டர்பைன்கள், 2.4 மெகாவாட் நீராவி டர்பைன் ஒன்று, மொத்தம் 13.4 மெகாவாட். 22 கட்டடங்களுக்கு மின்சாரமும் 37 கட்டடங்களுக்கு வெப்பமும் அங்கிருந்து போயின. கிரிட் (ஊருக்கு மின்சாரம் தரும் பொது மின்வலை) விழுந்தவுடன் நிலையம் தன்னை அதிலிருந்து துண்டித்துக்கொண்டு தனித்தீவாக ஓடியது.

இந்த நிலையம் நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளம் எட்டாத மேட்டுப் பகுதியில். ஆக, அடித்தளம் என்பதே பாவம் இல்லை. எந்த இடத்து அடித்தளம் என்பதுதான் கேள்வி.

அந்த நிலையத்தைக் கட்டியது முதலில் புயலுக்காக அல்ல. எரிபொருள் செலவையும் புகையையும் குறைக்கத்தான். எரிவாயுவை எரித்து டர்பைனைச் சுற்றினால், அதில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மீதி, 500 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் புகையாக வெளியே போகிறது. தூரத்து மின்நிலையத்தில் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி வானத்துக்கும் ஆற்றுக்கும்தான். பயன்படுத்துபவரின் வாசலிலேயே மின்சாரம் தயாரித்தால், அந்தப் புகையை ஒரு கொதிகலன் வழியே விட்டு நீராவி எடுக்கலாம். அந்த நீராவியால் இன்னொரு டர்பைனைச் சுற்றலாம், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கலாம், கோடையில், வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் அப்சார்ப்ஷன் சில்லர் மூலம் குளிரூட்டவும் செய்யலாம். மொத்தத் திறன் 70 முதல் 80 சதவீதம் வரை போகும்.

மருத்துவமனையைவிட இதற்குப் பொருத்தமான கட்டடம் கிடைப்பது கடினம். ஆண்டு முழுவதும், இரவு பகல் பாராமல், மின்சாரமும் வெப்பமும் சேர்ந்தே தேவைப்படும் இடம் அது. கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு 134 டிகிரி நீராவி வேண்டும். துணி வெளுக்க, சமைக்க, வெந்நீருக்கு என்று வரிசை நீளும். அறுவை அரங்கில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அந்தக் காற்றை ஈரம் வடியும் அளவுக்குக் குளிர்வித்து, பிறகு அறைக்கு ஏற்றபடி மறுபடி சூடாக்க வேண்டும். ஒரே காற்றை முதலில் குளிரவைத்து அப்புறம் சூடாக்க இரண்டு முறை காசு கொடுப்பது மருத்துவமனைகளின் பெரிய மின்விரயம். மறுசூட்டுக்குக் கழிவு வெப்பம் கிடைத்தால் அந்த இரண்டாவது செலவில் பெரும்பகுதி மிச்சம்.

தினமும் ஓடும் யந்திரத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பேரிங் சத்தம் போட்டால் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும், புயலன்று வரை காத்திருக்காது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் எப்போதும் ஷிஃப்டில் இருப்பார். பராமரிப்புக்குப் பணம் கேட்டால் நிதி அதிகாரி மறுக்க மாட்டார், மாதாமாதம் அது சம்பாதித்துக் கொடுக்கிறது. மூலையில் தூங்கும் டீசல் ஜெனரேட்டருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வாஷிங்டன் ஸ்கொயரில் நடந்தது அதிர்ஷ்டம் அல்ல என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. பிராங்க்ஸில் கோ-ஆப் சிட்டி என்ற பெரிய குடியிருப்பு தன் 40 மெகாவாட் நிலையத்தால் வெளிச்சமாகவே இருந்தது. நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் 15 மெகாவாட் நிலையத்தை வைத்துச் சமாளித்தது. லாங் ஐலண்டில் சவுத் ஓக்ஸ் மருத்துவமனை 1.25 மெகாவாட் அமைப்பை வைத்துக்கொண்டு கிரிட் இல்லாமலேயே நாள்கணக்கில் இயங்கியது.

ஆனால் கூட்டு உற்பத்தி நிலையம் இருந்தாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிரிட்டோடு இணைந்து மட்டுமே ஓடும்படி அமைத்த நிலையம், கிரிட் போனால் தானும் டிரிப் ஆகிவிடும். ஆக வேண்டும் என்பதுதான் இணைப்பு விதி. இல்லாவிட்டால் தெருவில் கம்பி சரிசெய்யும் லைன்மேன் மீது மின்சாரம் பாயும். தனித்து ஓட வேண்டுமானால் சில கூடுதல் ஏற்பாடுகள் தேவை. கிரிட் விழுந்த கணத்தில், அந்தப் பகுதி முழுவதன் லோடும் தன் தலையில் விழுவதற்குள், பிரேக்கரைத் திறக்கும் ரிலே வேண்டும். திறனுக்கு மீறிய லோடை நொடிக்குள் கழற்றிவிட வேண்டும், எதை முதலில் கழற்றுவது என்பதை டாக்டர்களும் எஞ்சினியர்களும் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். டர்பைன் நின்றுபோனால் வெளி மின்சாரம் இல்லாமல் மறுபடி கிளப்ப ஒரு சின்ன டீசல் எஞ்சினோ பேட்டரியோ வேண்டும். டர்பைனுக்கு வரும் எரிவாயுவின் அழுத்தத்தை ஏற்றும் கம்ப்ரஸரும் அவசர சர்க்யூட்டில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் வரைபடத்தில் கண்ணில் படாமல் நழுவிவிடக் கூடியது. கம்ப்ரஸர் நின்றால் டர்பைன் வெறும் இரும்பு.

மறுபடி கட்டியபோது

லாங்கோன் டிசம்பர் இறுதியில் பகுதியளவு திறந்தது. அவசர சிகிச்சைப் பிரிவு முழுமையாகத் திறக்க 2014 ஏப்ரல் ஆயிற்று. ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான எலிகளும், உறைபெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த மாதிரிகளும் போயின. இந்த இழப்பை எந்தக் காப்பீடும் ஈடுகட்டாது. 2014-இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் பேரிடர் நிறுவனமான ஃபீமா 113 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதிக்குச் சற்று அதிகமானது பழுதுபார்க்க அல்ல, அடுத்த வெள்ளத்துக்கு முன்னேற்பாடு செய்ய. அரசாங்கப் பணம் இப்படிப் பிரிவது அபூர்வம். இடிந்ததை இருந்தபடியே கட்டத்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும்.

வளாகத்தில் தனியாக ஓர் எரிசக்திக் கட்டடம் எழுந்தது. 8 மெகாவாட் எரிவாயு டர்பைன், அதன் புகையிலிருந்து நீராவி எடுக்கும் கொதிகலன், அந்த நீராவியில் சுழலும் 3 மெகாவாட் டர்பைன் என்று 11 மெகாவாட் கூட்டு உற்பத்தி. அவசர டீசல் ஜெனரேட்டர்கள் தனி. மின்பேனல்களும் முக்கிய யந்திரங்களும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏறின. வளாகத்தைச் சுற்றித் தடுப்புகளும் வெள்ளக் கதவுகளும் வந்தன. சாண்டியில் வந்த நீரைவிட இன்னும் சில அடி உயரம் வந்தாலும் தாங்கும்படி அவற்றை வடிவமைத்தார்கள். 2018-இல் திறந்த கிம்மல் பெவிலியன் 21 மாடி, 374 படுக்கை, ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அறை. பசுமைக் கட்டடத் தரச்சான்றில் உச்சமான லீட் பிளாட்டினம் வாங்கியது.

இங்கே வரிசை முக்கியம். சாதாரண நாளில் கிரிட்டும் டர்பைனும் சேர்ந்து ஓடுகின்றன. கிரிட் போனால் டர்பைன். அதுவும் போனால் டீசல். முன்பு இரண்டு அடுக்கு இருந்த இடத்தில் இப்போது மூன்று. புதிதாக வந்த நடு அடுக்கு தன் செலவைத் தானே ஈட்டுகிறது. பேரிடருக்கென்று மட்டும் 11 மெகாவாட் கேட்டிருந்தால் எந்த நிர்வாகக் குழுவும் கையெழுத்துப் போட்டிருக்காது.

தாங்கும் திறன் என்பது மின்சாரம் வராமல் போனாலும் கட்டடம் எவ்வளவு நேரம் மனிதர் இருக்கத் தக்கதாக இருக்கும் என்பதையும் சேர்த்ததுதான். 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனைகளில் ஏசி நின்று, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களை உடைத்துத்தான் காற்று வாங்கினார்கள். அதைப் பார்த்த பிறகு பாஸ்டனில் கட்டிய ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனை, நோயாளி அறைகளில் அவசரத்துக்குத் திறக்கும் ஜன்னல்கள் வைத்தது. துறைமுகத்தின் ஓரத்தில் 2013-இல் திறந்த கட்டடம் அது. தரைத்தளம், 500 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று கணக்கிடும் வெள்ள மட்டத்துக்கு 30 அங்குலம் மேலே, யந்திரங்கள் கூரையில். ஜன்னல் திறப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனாலும் குளிரூட்டும் பொறியாளர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அறையின் காற்றழுத்தம் கெடும் என்று முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பூட்டி வைத்து, அவசரத்தில் சாவி போட்டுத் திறப்பதுதான் ஸ்பால்டிங் கண்ட வழி.

ஹூஸ்டனில் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் 2001-இல் ஆலிசன் புயலில் மூழ்கி, பிறகு வெள்ளக் கதவுகளையும் 48 மெகாவாட் கூட்டு உற்பத்தி நிலையத்தையும் அமைத்துக்கொண்டு, 2017 ஹார்வி வெள்ளத்தில் இயங்கிக்கொண்டே இருந்தது. லாங்கோனின் புது அமைப்புக்கு இன்னும் அப்படி ஒரு பெரும் தேர்வு வரவில்லை.

சென்னையில் 2015

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கின, தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் இறந்த செய்தி வந்தது. மரணங்களுக்கு மின்தடைதான் காரணமா என்பது சர்ச்சையானது, அதற்குள் நான் போகவில்லை. சாண்டி நடந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு, வெள்ளத்தில் அவசர மின்சாரம் நின்றுபோவது இங்கேயும் நடந்தது என்பது மட்டும் உண்மை.

நியூயார்க்கின் தீர்வை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. அறையைச் சூடாக்கும் தேவை நமக்கு இல்லை, குழாய் எரிவாயுவும் எல்லா இடத்திலும் இல்லை. வெப்பம் வேண்டாதபோது கூட்டு உற்பத்தியின் கணக்கு இளைத்துவிடும். அப்சார்ப்ஷன் சில்லர் வைத்தால் ஓரளவு தேறும். நமக்குப் பொருந்துவது அந்தக் கட்டடத்தின் யந்திரம் அல்ல, அதன் கேள்வி. எரிபொருள் தொட்டியிலிருந்து ஜெனரேட்டர் வரை, ஜெனரேட்டரிலிருந்து பேனல் வரை, பேனலிலிருந்து ஐசியூ பிளக் பாயிண்ட் வரை நடந்து போய், வழியில் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பம்பு, வால்வு, சென்சாரையும் குறித்து வைப்பதற்கு ஒரு மதியப்பொழுதும் ஓர் அளவு டேப்பும் போதும்.

எரிவாயுவின் சிக்கல்

நியூயார்க்கிலேயே இந்தக் கதை இப்போது வேறு திருப்பத்தில் நிற்கிறது. 2019-இல் நகரம் இயற்றிய 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் பெரிய கட்டடங்களின் கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு வைத்தது. 2024 முதல் அமலில் இருக்கிறது, 2030-இல் இன்னும் இறுகும். கிரிட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, வாசலில் எரிவாயு எரிப்பதன் நன்மை தேய்ந்துகொண்டே வரும். திறமையான யந்திரம் என்று வாங்கியது, சட்டத்தின் கணக்கில் சுமையாகலாம்.

பேட்டரிக்குப் போகலாமே என்றால் அதற்கும் வழி திறந்திருக்கிறது. மருத்துவமனைகள் மைக்ரோகிரிட்டை, அதாவது கிரிட் இல்லாமலும் தனித்து ஓடக்கூடிய சின்ன மின்வலையை, அவசர மின் ஆதாரமாக வைத்துக்கொள்ள 2023 மார்ச்சில் அமெரிக்காவின் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) நிர்வாகம் அனுமதி தந்தது. ஆனால் அளவைப் பாருங்கள். வெளி உதவி இல்லாமல் எவ்வளவு தாங்குவோம் என்பதை 96 மணி நேரத்துக்குத் திட்டமிட்டுப் பார்ப்பது அமெரிக்க மருத்துவமனைகளின் வழக்கம். 11 மெகாவாட்டில் பாதியை மட்டும் 96 மணி நேரம் பேட்டரியிலிருந்தே கொடுப்பதானால் 5,28,000 யூனிட் சேமித்து வைக்க வேண்டும். எந்த மருத்துவமனையின் கூரையும் அதைத் தாங்காது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறு ஒன்று தெரிகிறது. அவசர சர்க்யூட்டில் ஒரு கிலோவாட் லோடைக் குறைத்தால் 96 யூனிட் பேட்டரி வாங்க வேண்டியதில்லை, அல்லது அந்த அளவு மின்சாரத்துக்கான டீசலை மாடி ஏற்ற வேண்டியதில்லை. யாரும் இல்லாத அறுவை அரங்கில், அழுத்தத்தை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, இரவில் காற்று மாற்றத்தைப் பாதியாக்குவது, வீணான மறுசூட்டை நிறுத்துவது, அறைகளுக்குக் காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் பழைய ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டுகளில் வேகம் மாற்றும் டிரைவ் பொருத்துவது என்று மின்சிக்கனப் பட்டியலில் நிதி அதிகாரி பார்க்கும் வரிகள்தான் இவை. காற்றாடியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அதன் மின்செலவு ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்தப் பட்டியலைப் பாதுகாப்பு அதிகாரியும் வாங்கிப் பார்க்கலாம்.